கவலைப்படும் உறவினர்

நகராட்சிக்கு அவசரமாக ஒரு வெள்ளம் தேவைப்பட்டது. பேரிடர் மேலாண்மை அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தாகிவிட்டது. வாசலில் பளபளவென்று பலகை மாட்டியாகிவிட்டது. இயக்குநர் என்று ஒருவரைப் பிடித்துச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஆரஞ்சு நிற மேல்சட்டை, விசில், வாக்கி டாக்கி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவரும் தினமும் வந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஒத்திகை நடத்துவது என்று முடிவானது.

இயக்குநர் இதற்கு முன் நகராட்சியின் விழாப் பிரிவில் இருந்தவர். மேடை என்ன உயரம், முதல் வரிசைக்கு சோபாவா நாற்காலியா, வரவேற்புரையின்போது மைக் கீச்சிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதிலெல்லாம் புலி. வெள்ளத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அவதூறு. வெள்ளத்தை அவர் நாட்காட்டிப் படத்தில் பார்த்திருக்கிறார்.

ஆரம்பத்தில் அவரால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. தையற்காரர் போய் அவரைப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தது.

தையற்காரரின் வீடு ஆற்றோரத் தெருவில் கடைசி வீடு, தெருவிலேயே தாழ்ந்த வீடு. முன்னறையில் தையல் எந்திரமும் துணி வெட்டும் மேஜையும். பின்னறையில் மாமியார். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் விழுந்தவர் பிறகு எழவில்லை. ஆள் நல்ல கனம், வாய் அதைவிடக் கனம். மருமகன் மெலிந்த மனிதர், இரண்டையும் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

ஊருக்கு மேலே அணை இருந்தது. மதகைத் திறந்தால் முதலில் நனைவது இந்தத் தெருதான். திறப்பதற்கு முன் அணையில் சங்கு ஊதும். சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுத் தச்சரும் அவருடைய தம்பியும் ஓடி வருவார்கள். தையற்காரரும் மனைவியும் சேர்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு காலாகக் கட்டிலைப் பிடித்து, மாமியாரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தச்சர் வீட்டு மாடியில் வைத்துவிடுவார்கள்.

"ஏண்டா, நான் என்ன பீரோவா? பார்த்துத் தூக்குங்கடா!" என்று மாமியார் வழிநெடுகத் திட்டிக்கொண்டே போவார். போன வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாமியார் மாடியில் உட்கார்ந்து மிதந்துபோகும் சாமான்களை யார் வீட்டுடையது என்று சரியாக அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே குறை, மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் இடித்துக்கொண்டது. அதில் அவருக்கு இடுப்பு வலி கூடிவிட்டது.

"என்னங்க, நகராட்சியில புதுசா ஆபீஸ் திறந்திருக்காங்களாம்ல?" என்றாள் மனைவி. "ஒரு ஸ்ட்ரெச்சர் கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்களேன். அம்மா ராத்திரியெல்லாம் முனகிட்டே இருக்கா."

தையற்காரர் போனார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்ட கதை இங்கேதான் ஆரம்பம்.

அலுவலகத்துக்கு யாரும் வருவதில்லை என்பதால் இயக்குநர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"உட்காருங்க, உட்காருங்க. உங்களுக்கு என்ன பேரிடர்?"

"இன்னும் வரல சார். அணையத் திறந்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும். மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க…"

"நடக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார்."

"ஒரு அடிகூட?"

"ஒரு அடிகூட."

"அற்புதம்!" என்ற இயக்குநர், தையற்காரர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதாவது, ரொம்ப வருத்தம். இவ்வளவு பொருத்தமான ஒரு வருத்தம் எங்களுக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல."

"ஒரு ஸ்ட்ரெச்சர் மட்டும் கொடுத்தீங்கன்னா, நாங்களே தூக்கிக்குவோம் சார். எதிர்வீட்டுத் தச்சர் இருக்காரு, அவரு தம்பி இருக்காரு…"

இயக்குநர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். "தச்சரா? நோயாளியத் தூக்கத் தச்சருக்கு என்ன தகுதி?"

"நல்ல பலசாலி சார்."

"பலம் காளை மாட்டுக்கும் இருக்கு. பயிற்சி இருக்கா? இதப் பாருங்க, பேரிடர்ன்னா என்ன? ஒழுங்கில்லாம நடக்கிற ஒரு நிகழ்ச்சி. அத ஒழுங்கா நடத்திக் காட்டத்தான் அரசாங்கம் என்னை இங்க உட்கார வெச்சிருக்கு. ஆளாளுக்கு ஓடிவந்து தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் மேலாண்மைன்னு ஒன்னு எதுக்கு? நான் எதுக்கு?"

இந்தக் கேள்விக்குத் தையற்காரரிடம் பதில் இருந்தது. மரியாதை கருதிச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே முதல் ஒத்திகை. தெருவில் கம்பளம் விரித்தார்கள். மேட்டிலிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, மேடைக்கு எதிரே நீளமாக ஒரு கயிறு கட்டினார்கள். அணையின் சங்கையே இதற்கும் ஊதச் சொல்லி ஏற்பாடு. நிஜம்போல இருக்க வேண்டுமல்லவா?

தெருக்காரர்கள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். தச்சர், தம்பி, மற்ற எல்லோருக்கும் 'பொதுமக்கள்'. அவர்கள் வேலை, சங்கு ஊதியதும் மைதானத்துக்குப் போய்க் கயிற்றுக்குப் பின்னால் நிற்பது. ஸ்ட்ரெச்சர் வரும்போது கைதட்டுவது. மாமியாருக்கு 'நோயாளி'. தையற்காரருக்கு 'கவலைப்படும் உறவினர்'. அவர் வாசற்படியில் நின்று கவலைப்பட வேண்டும்.

சங்கு ஊதியது. பழக்கதோஷத்தில் தச்சரும் தம்பியும் பாய்ந்து வந்து கட்டிலில் கை வைத்தார்கள். இயக்குநர் கன்னம் உப்ப விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"யாருய்யா நீங்க? அட்டையில என்ன போட்டிருக்கு, படிங்க! பொதுமக்கள்! பொதுமக்கள் நோயாளியத் தொட்டா அது மீட்பு இல்ல, கலவரம்!"

தெருவே பார்த்துக்கொண்டிருக்கத் தச்சரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விடுடா, நமக்கெதுக்கு வம்பு" என்றார் தச்சர். அதற்குப் பிறகு அந்த இருவரும் சங்குச் சத்தம் கேட்டால் நேரே கயிற்றுக்குப் பின்னால் போய் நிற்கப் பழகினார்கள். அவமானம் மாதிரிப் பாடம் நடத்துகிற வாத்தியார் கிடையாது.

அலுவலக மீட்புக் குழுவின் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் மாமியாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வாசல்வரை வந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேராததால் அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்ததும், முகத்தில் நிழல் விழுகிறது என்று புகைப்படக்காரர் சொன்னதால், மாமியாரைத் திரும்பக் கட்டிலில் போட்டு மறுபடியும் காப்பாற்றினார்கள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இத்தனை நேரம் பார்க்கல" என்றார் மாமியார். ஆனால் முகத்துக்குப் பவுடர் போட்டுவிட மகளைக் கூப்பிட்டதும் அவர்தான்.

தையற்காரரின் கவலை போதவில்லை என்று இயக்குநருக்குக் குறை. "என்னங்க, கரண்ட் பில் கட்ட நிக்கிற மாதிரி நிக்கறீங்க? கையத் தலையில வைங்க. இன்னும் கொஞ்சம் வாயத் திறங்க. ஆங்! உங்க சொந்த மாமியார்ன்னு நினைச்சுக்குங்க!"

படம் பத்திரிகையில் வந்தது. பார்த்த மேலதிகாரிகள் தாங்களும் நேரில் பார்க்க விரும்பினார்கள். அவர்களுக்காக ஒரு ஒத்திகை. அவர்களுக்கும் மேலே இருந்தவர்களுக்காக இன்னொன்று. வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. அவர்கள் மாமியாரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாக, காப்பாற்றப்படும்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஒன்னுக்கு வருது" என்றார் மாமியார். மொழிபெயர்ப்பாளர் அதை நெகிழ்ச்சியாக மொழிபெயர்த்தார்.

ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் தையற்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இயக்குநரிடம் போய் நிற்பார். "சார், அந்த ஸ்ட்ரெச்சர வீட்டுலயே விட்டுட்டுப் போனீங்கன்னா…"

"வீட்டுலயா? அழுக்காயிடாது? அது அலுவலகச் சொத்து. கண்ணாடி அலமாரிக்குள்ள பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க." பிறகு தன் தவறை உணர்ந்து திருத்திக்கொள்வார். "அதாவது, ஒத்திகை அன்னைக்கு மட்டும் கவலைப்படுங்க."

இன்னொரு சிக்கலையும் இயக்குநர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு படத்திலும் கட்டில் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. இது நிர்வாகச் சீர்கேடு என்று அவர் கருதினார். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கட்டிலைப் போட்டு, கால்களுக்கு இரும்புப் பட்டை வைத்துத் தரையோடு திருகிவிட உத்தரவு போட்டார்.

தையற்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். "சார், வெள்ளம் வந்தா கட்டிலத் தூக்கணுமே?"

"கட்டில ஏங்க தூக்கணும்? ஆபத்து கட்டிலுக்கா?"

திருகும் வேலைக்குத் தச்சரையே கூப்பிட்டார்கள். அவர் முதலில் மறுத்தார். உத்தரவைக் காட்டினார்கள். வந்து செய்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். வேலை முடிந்ததும் தன் முழு பலத்தையும் போட்டுக் கட்டிலை அசைத்துப் பார்த்தார். அது இம்மிகூட அசையவில்லை. இயக்குநர் அவர் தோளில் தட்டிப் பாராட்டினார்.

இத்தனை உழைப்பும் வீண்போகவில்லை. நாட்டிலேயே சிறந்த தயார்நிலைக்கான விருது இந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. விருது விழா தலைநகரத்தில். விழாவோடு ஒரு கண்காட்சியும் உண்டு. அங்கே போய்ச் செய்துகாட்ட ஆரஞ்சுச் சட்டைக் குழு, ஸ்ட்ரெச்சர், ரப்பர் படகு எல்லாம் புறப்பட்டாக வேண்டும். மாமியாரையும் கொண்டுபோகத்தான் இயக்குநர் ஆசைப்பட்டார். மருத்துவர் விடவில்லை. எனவே அவர் அளவில் ஒரு துணிப் பொம்மை தைத்துத் தரும்படி தையற்காரரிடம் சொன்னார்கள்.

தையற்காரர் நாடா பிடித்து மாமியாருக்கு அளவெடுத்தார். வெட்டுத் துணியை அடைத்து, பஞ்சு வைத்து, மாமியாரின் பழைய புடவையையே கட்டிவிட்டார். மனைவி முகம் வரைந்தாள். மாமியார் பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்.

"மூக்கு சரியில்ல. வாயையும் மூடியே தைச்சிருக்கீங்க. உங்க ஆசை எனக்குப் புரியுது மாப்பிள்ளை" என்றார்.

தையற்காரர் சிரித்துவிட்டார். மாமியாரும் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம். பொம்மை மறுநாள் குளிர்சாதன வண்டியில் தலைநகரம் போனது.

விழா நடந்த அன்று மலையில் மழை கொட்டித் தீர்த்தது. மதியம் சங்கு ஊதியது.

தெரு பயிற்சி பெற்ற தெரு. சங்கு என்றாலே ஒத்திகை என்று பழகிவிட்டதால், குழு ஊரில் இல்லை என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒருவர்கூடப் பதறவில்லை. கடைகளை நிதானமாகச் சாத்தினார்கள். தலை வாரினார்கள், அட்டையை மாட்டிக்கொண்டார்கள். மைதானத்துக்குப் போய்க் கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். தச்சரும் தம்பியும் முதல் வரிசையில் இருந்தார்கள். கைதட்டத் தயாராக எல்லோரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையற்காரர் அட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று கையைத் தலையில் வைத்தார். இப்போது அவருக்கு இது நன்றாக வரும். சிறிது நேரத்தில் கணுக்கால் நனைந்தது. இந்தத் தடவை தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்களே என்று முதலில் வியந்தார்.

"மாப்பிள்ளை, கட்டிலுக்கு அடியில சலசலங்குது!" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினார். "இவனுங்க இன்னைக்கு நிஜத் தண்ணியையே கொண்டாந்துட்டானுங்களா?"

தெருக்கோடியிலிருந்து ஒரு நாய்க்கூண்டு மிதந்து வந்தது. அதற்கு அட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லை. தையற்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், தண்ணி வந்துருச்சு!"

"யாரு? ஓ, நீங்களா. இன்னைக்கு ஒத்திகை இல்லையே?" பின்னணியில் கைதட்டல் கேட்டது.

"இது நிஜம் சார்!"

"நிஜமா? எங்களுக்குத் தகவலே சொல்லாம எப்படி?"

"ஆள அனுப்புங்க சார், முழங்கால் வரைக்கும் வந்துருச்சு!"

"ஆளுங்க எல்லாம் இங்கல்ல ஸ்டால்ல இருக்காங்க? இப்பத்தான் பொம்மையைக் காப்பாத்திட்டிருக்காங்க. பாதியில விட முடியாது, அமைச்சர் பார்த்துட்டிருக்காரு."

"அப்ப நாங்களே தூக்கிடட்டுமா?"

"தொடாதீங்க! பயிற்சி இல்லாம தூக்கி, அந்த அம்மாவுக்கு இடுப்புல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க உங்க இடத்துல நின்னு கவலைப்பட்டுக்கிட்டே இருங்க, போதும். வெச்சிடறேன், மேடைக்குக் கூப்பிடறாங்க."

தையற்காரர் கொஞ்ச நேரம் சொன்னபடியே நின்றார். அதுதான் கொடுமை. சொன்ன பேச்சைக் கேட்கும் மனிதர் அவர். பிறகு அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். அவரும் மனைவியும் கட்டிலைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. மூச்சுமுட்ட இழுத்தார்கள். அதற்குள் மெத்தை நனைந்துவிட்டது.

"நான் போய்த் தச்சரையும் தம்பியையும் கூட்டிட்டு வரேங்க!" என்று மனைவி தண்ணீருக்குள் இறங்கி மைதானத்தை நோக்கிப் போனாள்.

தையற்காரர் மாமியாரின் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். நனைந்த துணியோடு அந்த உடம்பு இருமடங்கு கனத்தது. எப்படியோ கட்டிலைவிட்டு இறக்கி, தோளில் சாய்த்து, நிலைப்படிவரை இழுத்து வந்துவிட்டார். அங்கே தெருத்தண்ணீர் முட்டித் தள்ளியது. இரண்டு தடவை முயன்றார், இரண்டு தடவையும் பின்னறைக்கே தள்ளிவிட்டது.

மாமியார் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்தது தையற்காரரை மேலும் பயமுறுத்தியது.

"விடுங்க மாப்பிள்ளை."

"சும்மா இருங்க அத்தை."

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? நீங்களும் போயிட்டா எம்பொண்ணுக்கு யாரு இருக்கா? விடுங்க."

அவர் விடவில்லை. தண்ணீர்தான் விடுவித்தது.

தச்சரும் தம்பியும் நீந்தி வந்து சேர்ந்தபோது தையற்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மாமியார் இறந்துவிட்டிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், வீட்டில் இருந்த இடத்திலேயே இருந்த பொருள் கட்டில் ஒன்றுதான். தச்சர் அதன் முன் உட்கார்ந்து, "நான் திருகினேனே, என் கையால நானே திருகினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தையற்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரங்கல் கூட்டம் சிறப்பாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. விழாப் பிரிவு அனுபவம் வீண் போகவில்லை. மேஜைமேல் விருதுக் கேடயம், பக்கத்தில் மாமியாரின் படம். ஸ்ட்ரெச்சரில் பவுடர் பூசிய முகத்தோடு படுத்திருக்கும் படம். தையற்காரரும் மனைவியும் முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். இயக்குநர் மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அந்த அம்மாவ இந்த அலுவலகம் எத்தனை தடவை காப்பாத்தியிருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். மேலதிகாரிங்க முன்னாடி காப்பாத்தினோம். வெளிநாட்டுக்காரங்க முன்னாடி காப்பாத்தினோம். ஒரே நாள்ல ரெண்டு தடவைகூடக் காப்பாத்தியிருக்கோம். ஒரே ஒரு தடவைதான் தவறிப்போச்சு. அதுவும் நம்ம அட்டவணையிலயே இல்லாத வெள்ளம். மொத்தமா கூட்டிக் கழிச்சுப் பார்த்தா இது உலகத் தரமான வெற்றி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொன்னையும் பெருமையா சொல்லணும். அன்னைக்கு அவ்வளவு பெரிய வெள்ளத்துலயும் பொதுமக்கள் ஒருத்தர்கூடக் கயித்தத் தாண்டல. அந்தம்மா பொண்ணு வந்து கத்துற வரைக்கும் அப்படியே நின்னாங்க. அந்தக் கட்டுப்பாடு இருக்கே, அது நாங்க கொடுத்தது. அப்புறம், கண்காட்சியில அந்தப் பொம்மைக்கு ஒரு கீறல்கூட விழலைங்கறதையும் இந்த நேரத்துல பதிவு செய்ய விரும்பறேன்."

இயக்குநரின் உதவியாளர் கைதட்டினார். வேறு யாரும் தட்டாததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

பேசி முடித்து இறங்கிய இயக்குநர், தையற்காரரின் அருகே வந்து குனிந்தார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"மனசத் தளர விடாதீங்க. அடுத்த மாசம் ரொம்ப மேல இருந்து வர்றாங்க. அந்த வீடு, அந்த வெளிச்சம், எதையும் மாத்த வேண்டாம்னு பார்க்கறேன். கட்டில் அங்கேயேதான் இருக்கு. படுக்கத்தான் ஆள் வேணும்." பக்கத்து நாற்காலியைப் பார்வையால் அளந்தார். "உங்க வீட்டம்மா என்ன எடை இருப்பாங்க?"

தையற்காரரின் கை பழக்கத்தால் தலைக்குப் போனது. அவர் மனைவியின் கை இயக்குநரின் கன்னத்துக்குப் போனது.

கூடம் முழுக்கக் கேட்ட அறை. இயக்குநர் சுற்றிச் சரிந்து சோபாவின்மேல் விழுந்தார். தையற்காரரின் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டு, கணவரின் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். தச்சரும் தம்பியும் எழுந்து பின்னால் போனார்கள். பிறகு தெருவே எழுந்து போனது.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே இயக்குநர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உதவியாளரைப் பார்த்தார்.

"இதுக்கு நம்மகிட்ட என்னய்யா ஏற்பாடு இருக்கு?"

உதவியாளர் கையிலிருந்த கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒன்னும் இல்ல சார். இதுக்கு நாம ஒத்திகை பார்க்கல."